உதவித்தொகையில் வங்கி பிடிப்பது எதை? ஏடிஎம் கட்டணம் பற்றி ஓர் எளிய விளக்கம்

அரசு அனுப்பியது 1,000 ரூபாய். கணக்கில் இருப்பதோ 972 ரூபாய் 86 காசு. மகளிர் உரிமைத் தொகை, முதியோர் உதவித்தொகை, புதுமைப் பெண் திட்டத்தின் ஊக்கத்தொகை போன்றவற்றை வங்கிக் கணக்கில் பெறுவோர் பலர் இப்படி ஏதோ ஒரு எண்ணைக் கண்டு திகைத்திருப்பார்கள். விசாரித்தால் ஆளுக்கொரு விடை கிடைக்கும். அரசே பிடித்துக்கொண்டு மீதியைத்தான் அனுப்புகிறது என்பார் ஒருவர். அரசுப் பணத்துக்கு வங்கி கமிஷன் எடுக்கிறது என்பார் இன்னொருவர். கார்டுக்கு மாத வாடகை என்று சொல்பவரும் உண்டு. இவற்றில் எதுவுமே நடப்பதைச் சரியாகச் சொல்வதில்லை. பல வேறு பிடித்தங்களை ஒரே பெயரில் பேசுவதால் வரும் குழப்பம் இது. மேலே சொன்ன 972 ரூபாய் 86 காசு எப்படி வந்தது என்பதைப் படிப்படியாகப் பார்த்தால் குழப்பத்தின் பெரும்பகுதி தெளிந்துவிடும்.

அட்டை ஒரு சாவி

முதலில் ஏடிஎம் அட்டை எது என்பதில் தெளிவு வேண்டும். அட்டைக்குள் பணம் இல்லை. பணம் இருப்பது வங்கிக் கணக்கில். அட்டை அந்தக் கணக்கைத் திறக்கும் சாவி, அவ்வளவுதான். பெட்டியில் இருப்பது நெல் விற்ற பணமா, மகன் அனுப்பிய பணமா, அரசு தந்த பணமா என்பது சாவிக்குத் தெரியாது. அதேபோல, இயந்திரத்தில் அட்டையைச் செருகும்போது அந்த 1,000 ரூபாய் எங்கிருந்து வந்தது என்று எந்த வங்கிக் கணினியும் பார்ப்பதில்லை. அது பார்ப்பவை மூன்று: இது எந்த வகைக் கணக்கு, பணம் எடுக்கப்படும் இயந்திரம் யாருடையது, இந்த மாதம் இது எத்தனையாவது முறை.

இந்த இடத்தில்தான் தவறான புரிதல் தொடங்குகிறது எனலாம். 2023 செப்டம்பர் 15 அன்று காஞ்சிபுரத்தில் மகளிர் உரிமைத் தொகைத் திட்டம் தொடங்கப்பட்டபோது பயனாளிகளுக்கு மேடையில் ஏடிஎம் அட்டைகளும் வழங்கப்பட்டன. அதைக் கண்ட பலரும் இது அரசு தரும் தனி அட்டை என்றும், அதற்கெனத் தனி விதி இருக்கும் என்றும் எண்ணிக்கொண்டார்கள். அமெரிக்கா போன்ற சில நாடுகளில் உதவித்தொகைக்கென்றே தனி அட்டையும், கட்டணத்தைப் பற்றி அரசுக்கும் வங்கிக்கும் இடையே தனி ஒப்பந்தமும் உண்டு. நம் நாட்டு நடைமுறை வேறு. இங்கே பணம் பயனாளியின் சேமிப்புக் கணக்கில் வரவு வைக்கப்படுகிறது. அந்த நொடியிலிருந்து அது அக்கணக்கில் உள்ள மற்ற எல்லாப் பணத்தையும் போன்றதே. அக்கணக்குக்குரிய விதிகளே அதற்கும் விதிகள்.

பணம் வந்த வழியைப் பார்த்துக் கட்டணம் போடப்படுவதில்லை. பணம் வெளியே போகும் வழியைப் பார்த்தும், கணக்கின் வகையைப் பார்த்துமே போடப்படுகிறது. மற்ற விவரங்கள் எல்லாம் இதிலிருந்து கிளைப்பவை.

அடுத்த வங்கியின் இயந்திரத்தில் நடப்பது

நகரத்தார் வணிகம் செழித்த காலத்தில் உண்டியல் என்றொரு முறை புழக்கத்தில் இருந்தது. ஓர் ஊரில் ஒருவரிடம் பணத்தைக் கட்டி ஓலையோ தாளோ வாங்கிக்கொண்டால், வேறோர் ஊரில் அவருடைய கூட்டாளி அதைப் பார்த்துப் பணம் கொடுப்பார். பயணி மூட்டை தூக்க வேண்டியதில்லை. கொடுத்தவரும் வாங்கியவரும் பிறகு தங்களுக்குள் கணக்கு நேர் செய்துகொள்வார்கள். தன் பெட்டியைத் திறந்து ரொக்கம் கொடுத்த கூட்டாளி சும்மா கொடுக்க மாட்டார். அவருக்கும் ஒரு சிறு கூலி உண்டு.

ஏடிஎம் இயந்திரமும் இதே அடிப்படையில்தான் இயங்குகிறது. உங்கள் கணக்கு ஒரு வங்கியில் இருக்கிறது. வேறு வங்கியின் இயந்திரத்தில் பணம் எடுக்கிறீர்கள். அந்த இயந்திரத்தை வைத்திருக்கும் வங்கி உங்களை அறியாது. அது தேசிய அளவிலான ஓர் இணைப்பு வலையமைப்பு வழியாக உங்கள் வங்கியைக் கேட்கிறது. உங்கள் வங்கி இருப்பைப் பார்த்துச் சம்மதம் சொல்கிறது. இயந்திரம் தாளை நீட்டுகிறது. இந்த வலையமைப்பை நடத்துவது இந்திய தேசியக் கொடுப்பனவுக் கழகம். ரூபே அட்டையை உருவாக்கியதும், யுபிஐ முறையை நடத்துவதும் இதே நிறுவனம்தான்.

இயந்திரத்துக்கு வாடகை, மின்சாரம், பணம் நிரப்பும் வண்டி, பாதுகாப்பு என்று செலவு உண்டு. ஆகவே, உங்களுக்கு ரொக்கம் கொடுத்த வங்கிக்கு உங்கள் வங்கி ஒரு தொகை தருகிறது. இதற்குப் பரிமாற்றக் கட்டணம் என்று பெயர். வங்கிக்கு வங்கி கொடுக்கும் கூலி என்று இதை நினைவில் வைத்துக்கொள்ளலாம். 2025 மே 1 முதல் பணம் எடுக்கும் ஒவ்வொரு முறைக்கும் இது 19 ரூபாய். இருப்பு மட்டும் பார்த்தால் 7 ரூபாய்.

இந்தக் கூலி உங்கள் பாஸ்புக்கில் தெரியாது. மாதத்தின் முதல் சில முறை உங்கள் வங்கி அதைத் தானே ஏற்றுக்கொள்கிறது. நாம் "இலவசம்" என்று சொல்வது இதைத்தான். உண்மையில் எதுவும் இலவசமாக நடப்பதில்லை, வேறொருவர் கொடுக்கிறார். வங்கி ஏற்றுக்கொள்ள வேண்டிய எண்ணிக்கை முடிந்த பிறகு, அது உங்களிடமிருந்து ஒரு கட்டணத்தை வசூலிக்கலாம். அதன் உச்ச அளவை இந்திய ரிசர்வ் வங்கி நிர்ணயிக்கிறது. 2021 டிசம்பர் வரை 20 ரூபாயாக இருந்த அந்த உச்சம் 2022 ஜனவரி 1 முதல் 21 ரூபாயாகவும், 2025 மே 1 முதல் 23 ரூபாயாகவும் உயர்ந்தது. இதன்மேல் 18 சதவீத ஜிஎஸ்டி, அதாவது 4 ரூபாய் 14 காசு. கூட்டினால் 27 ரூபாய் 14 காசு. 1,000 ரூபாயில் அதைக் கழித்தால் 972 ரூபாய் 86 காசு.

ஆக, நாம் தொடக்கத்தில் கண்ட எண்ணுக்குக் காரணம் அரசின் பிடித்தம் அன்று. சென்ற மாதத்தில் அந்தக் கணக்கில் இலவச எண்ணிக்கைக்கு மேல் ஒரு முறை ஏடிஎம் பயன்படுத்தப்பட்டிருக்கிறது. அதற்கான கட்டணம், புதிய தொகை வரவானதும் கழிக்கப்பட்டிருக்கிறது.

எத்தனை முறை, எந்த ஊரில்

சாதாரணச் சேமிப்புக் கணக்குக்கான இலவச எண்ணிக்கை 2014 நவம்பர் முதல் இப்படி இருக்கிறது. சொந்த வங்கியின் இயந்திரத்தில் மாதம் குறைந்தது 5 முறை. மற்ற வங்கிகளின் இயந்திரங்களில், சென்னை, மும்பை, புது தில்லி, கொல்கத்தா, பெங்களூரு, ஹைதராபாத் ஆகிய ஆறு பெருநகரங்களில் 3 முறை. ஏனைய இடங்களில் 5 முறை. இங்கே கவனிக்க வேண்டியது, கணக்கு எந்த ஊர்க் கிளையில் இருக்கிறது என்பது கணக்கில் வராது. இயந்திரம் எந்த ஊரில் நிற்கிறது என்பதே கணக்கு. விழுப்புரத்தில் கணக்கு வைத்திருப்பவர் மருத்துவத்துக்காகச் சென்னை வந்து தங்கியிருக்கும் மாதத்தில், அடுத்த வங்கிகளின் இயந்திரங்களில் அவருக்குரிய எண்ணிக்கை 3.

எந்த வங்கியையும் சேராமல் தனி நிறுவனங்கள் நடத்தும் ஏடிஎம்களும் உள்ளன. சிற்றூர்களில் இவற்றை அதிகம் காணலாம். இவற்றில் எடுப்பதும் "மற்ற வங்கி" எண்ணிக்கையில்தான் சேரும்.

அதிகம் பேர் அறியாத ஒரு நுணுக்கம் உண்டு. சொந்த வங்கி இயந்திரத்தில் இருப்பைப் பார்ப்பது இலவச எண்ணிக்கையில் சேராது என்று ரிசர்வ் வங்கி 2019 ஆகஸ்டில் தெளிவுபடுத்தியது. ஆனால், மற்ற வங்கியின் இயந்திரத்தில் இருப்பைப் பார்ப்பதும் ஒரு முறையாக எண்ணப்படும். பணம் வந்துவிட்டதா என்று பார்த்து, வந்திருப்பதைக் கண்டு, பிறகு எடுத்தால் அது இரண்டு முறை. பணம் வரும் நாளை எதிர்பார்த்து முந்தின நாளும் ஒரு தடவை போய்ப் பார்த்திருந்தால் மூன்று. சென்னையில் இருப்பவருக்கு இத்துடன் அந்த மாதத்து எண்ணிக்கை தீர்ந்தது. கையில் வந்தது ஒரே ஒரு தடவை பணம். உதவித்தொகையை நம்பியிருப்பவர்கள்தான் இருப்பை அடிக்கடி பார்ப்பவர்கள் என்பதால், இந்த விதி அவர்களைத்தான் முதலில் பிடிக்கிறது.

அதே 2019 அறிவுறுத்தல் இன்னொன்றையும் சொல்கிறது. இயந்திரத்தில் பணம் இல்லாததாலோ, தொழில்நுட்பக் கோளாறாலோ, தொடர்பு அறுந்ததாலோ பணம் வராமல் போனால், அதை ஒரு முறையாக எண்ணக் கூடாது. அதற்குக் கட்டணமும் போடக் கூடாது. உங்கள் கணக்கில் போதிய இருப்பு இல்லாததால் இயந்திரம் மறுத்தால் நிலைமை வேறு. அதற்குப் பல வங்கிகள் தனியாகவே கட்டணம் வைத்திருக்கின்றன. 20 ரூபாயும் ஜிஎஸ்டியும், அதாவது 23 ரூபாய் 60 காசு பிடிப்பவை உண்டு.

எண்ணிக்கை மாதந்தோறும் புதிதாகத் தொடங்கும். சொந்த வங்கி இயந்திரத்தில் 5, வெளி இயந்திரங்களில் 3 அல்லது 5. வெளியே இருப்பைப் பார்ப்பதும் இதில் சேரும். இவ்வளவும் நினைவிருந்தால் போதும்.

சிறு தொகைக்குப் பெருங்கட்டணம்

27 ரூபாய் 14 காசு ஒரு பெரிய தொகையா என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். விடை, எவ்வளவு எடுக்கிறார் என்பதைப் பொறுத்தது. இந்தக் கட்டணம் தொகைக்கு ஏற்ப ஏறி இறங்குவதில்லை. ஒரு முறைக்கு இவ்வளவு என்பது நிலையானது. 10,000 ரூபாய் எடுப்பவருக்கு அது கால் சதவீதத்துக்குச் சற்று மேல். 1,000 எடுப்பவருக்கு 2.7 சதவீதம். 500 எடுப்பவருக்கு 5.4 சதவீதம். 200 ரூபாய் தேவைப்பட்டு அதை மட்டும் எடுப்பவருக்கு 13 சதவீதத்தையும் தாண்டும். தேவைக்கேற்பக் கொஞ்சம் கொஞ்சமாக எடுப்பது சிக்கனம் என்றே நமக்குச் சொல்லித் தந்திருக்கிறார்கள். ஏடிஎம் கட்டணத்தைப் பொறுத்தவரை அந்தச் சிக்கனமே செலவாகிறது. இது யாருடைய சதியும் அன்று, ஆனால் நியாயமான அமைப்பு என்று என்னால் சொல்ல முடியவில்லை. இயந்திரத்தின் செலவு ஒரு முறைக்கு இவ்வளவு என்று வங்கி கணக்கிடுகிறது; அந்தக் கணக்கில் எடுப்பவரின் வருமானத்துக்கு இடமில்லை.

பிடித்தத்தோடு இது முடிவதுமில்லை. கணக்கில் 972 ரூபாய் 86 காசு இருக்கிறது. தாள்களாகத்தான் இயந்திரம் கொடுக்கும். 500 ரூபாய்த் தாள் மட்டும் உள்ள இயந்திரமாக இருந்தால் அவருக்கு 500 மட்டுமே கிடைக்கும். 472 ரூபாய் 86 காசு உள்ளே நிற்கும். 100 ரூபாய்த் தாள் இருந்தால் 900 வரை எடுக்கலாம். இந்தச் சிக்கல் ரிசர்வ் வங்கிக்கும் தெரியாததன்று. 100 அல்லது 200 ரூபாய்த் தாள்களைத் தரும் இயந்திரங்களின் பங்கை 2025 செப்டம்பருக்குள் 75 சதவீதமாகவும், 2026 மார்ச்சுக்குள் 90 சதவீதமாகவும் உயர்த்துமாறு அது வங்கிகளுக்கு அறிவுறுத்தியது.

பிடித்தம் நடந்ததை அறியாதவர் என்ன செய்வார்? வழக்கம்போல 1,000 என்று அழுத்துவார். இருப்பு போதாது என்று இயந்திரம் மறுக்கும். மறுப்புக்குக் கட்டணம் வைத்திருக்கும் வங்கியாக இருந்தால் இன்னொரு 23 ரூபாய் 60 காசு போகும். ஏதோ தவறாக அழுத்திவிட்டோம் என்று மறுபடியும் முயன்றால் மறுபடியும் போகும். 27 ரூபாயில் தொடங்கியது இரண்டு நிமிடத்தில் 70 ரூபாயைத் தாண்டிவிடும். "ஆயிரத்தில் நூறு ரூபாயைக் காணோம்" என்று சொல்லப்படுவது மிகையாகத் தோன்றலாம். பாஸ்புக்கை வரிவரியாகப் பார்த்தால் இப்படி ஒரு தொடர் அங்கே இருக்கக்கூடும்.

கணக்கின் வகையே பெரிய கேள்வி

இதுவரை சொன்ன 5, 3, 5 என்ற எண்ணிக்கை சாதாரணச் சேமிப்புக் கணக்குக்கு உரியது. ஏழை எளியோருக்காக இன்னொரு வகைக் கணக்கு இருக்கிறது: அடிப்படைச் சேமிப்பு வங்கி வைப்புக் கணக்கு. பெயர் நீளமானது, பொருள் எளியது. குறைந்தபட்ச இருப்பு எதுவும் வைக்க வேண்டியதில்லாத, அட்டையும் இலவசமாகத் தரப்படும் கணக்கு. 2012 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி இதை அறிமுகப்படுத்தியது. 2014 ஆகஸ்ட் 28 அன்று தொடங்கிய ஜன்தன் திட்டத்தில் திறக்கப்பட்ட கணக்குகள் இந்த வகையைச் சேர்ந்தவையே. ஊர்ப் பேச்சில் "ஜீரோ பேலன்ஸ் கணக்கு" என்பார்கள்.

இந்தக் கணக்கில் பணம் போடுவதற்கு வரம்பில்லை. மாதம் குறைந்தது 4 முறை கட்டணமின்றி எடுக்கலாம். ஏடிஎம்மில் எடுப்பதும் கிளையில் எடுப்பதும் இந்த நான்கில் சேரும். மாதம் ஒரு முறை வரும் உதவித்தொகையை ஒரு முறையோ இரண்டு முறையோ எடுப்பவருக்கு நான்கு தாராளம். அதே கணக்கில் நூறு நாள் வேலைக் கூலியும் வந்து, மகன் அனுப்பும் பணமும் வந்து, அவ்வப்போது எடுக்க வேண்டியிருப்பவருக்கு நான்கு போதாது.

நான்குக்கு மேல் போனால் கட்டணம் எவ்வளவு என்பதில் வங்கிக்கு வங்கி வேறுபாடு உண்டு. இது குறித்து 2021-இல் மும்பை ஐஐடி ஆய்வு ஒன்று பெரிய விவாதத்தைக் கிளப்பியது. பாரத ஸ்டேட் வங்கி இத்தகைய கணக்குகளில் நான்குக்கு மேற்பட்ட ஒவ்வொரு பற்றுக்கும் 17 ரூபாய் 70 காசு வசூலித்ததை அது சுட்டிக்காட்டியது. பற்று என்பது கணக்கிலிருந்து வெளியேறும் எந்தத் தொகையும். ஆகவே, யுபிஐ மூலம் ஒருவருக்கு 20 ரூபாய் அனுப்பியதும் அந்த எண்ணிக்கையில் சேர்ந்தது. யுபிஐ, ரூபே அட்டை ஆகியவற்றின் வழியான பணம் செலுத்தலுக்கு 2020 ஜனவரி 1 முதல் கட்டணம் கூடாது என்பது சட்டம். அதற்குப் பிறகு அவ்வாறு வசூலித்ததைத் திருப்பித் தருமாறு நேரடி வரிகள் வாரியம் 2020 ஆகஸ்டிலேயே வங்கிகளுக்கு அறிவுறுத்தியிருந்தது.

இதில் நமக்குப் பயன்படும் செய்தி ஒன்று இருக்கிறது. ரூபே அட்டையைக் கடையில் தேய்த்துப் பொருள் வாங்கினால் அது "பணம் எடுத்தல்" ஆகாது. அதற்கு வாடிக்கையாளரிடம் கட்டணமும் இல்லை. உள்ளே சிக்கிக்கொண்ட 472 ரூபாய் 86 காசை முழுவதுமாகப் பயன்படுத்த உள்ள எளிய வழி இதுதான். அட்டை ஏற்கும் கடை பக்கத்தில் இருக்க வேண்டும் என்பது வேறு விஷயம்.

இரண்டு வகைக் கணக்குக்கும் இரு வேறு எண்ணிக்கை என்பதே இப்பகுதியின் சாரம். அண்டை வீட்டாருக்குப் பிடிக்கவில்லை, எனக்கு மட்டும் பிடித்தார்கள் என்று வரும் புகார்களில் பலவற்றுக்கு, இருவரின் கணக்கும் வெவ்வேறு வகை என்பதே காரணமாக இருக்கும்.

ஏடிஎம் கட்டணம் என்று தவறாக அழைக்கப்படுபவை

பணம் எடுக்காமலேயே பணம் குறைந்தால் அது ஏடிஎம் கட்டணமாக இருக்க முடியாது. அட்டைக்கான ஆண்டுக் கட்டணம் ஆண்டுக்கு ஒரு முறை வரும். குறுஞ்செய்திக் கட்டணத்தைச் சில வங்கிகள் மூன்று மாதத்துக்கு ஒரு முறை பிடிக்கும். அரசின் விபத்துக் காப்பீட்டுத் திட்டத்துக்கு எப்போதோ கையெழுத்திட்டுக் கொடுத்திருந்தால் அதன் ஆண்டுப் பிரீமியம் 20 ரூபாய் மே மாத இறுதிவாக்கில் போகும். அது கட்டணமே அன்று. இவை சிறியவை. பெரிய பிடித்தம், குறைந்தபட்ச இருப்பு வைக்காததற்கான அபராதம்.

மகளிர் உரிமைத் தொகை முதன்முதலில் வந்த 2023 செப்டம்பரில் எழுந்த கூக்குரல் இதைப் பற்றியதுதான். அரசு இத்தகைய பணத்தை ஆதார் எண்ணை வைத்து அனுப்பும்போது, பயனாளி கடைசியாக எந்தக் கணக்கோடு ஆதாரை இணைத்தாரோ அந்தக் கணக்கில் போய்ச் சேரும். அது அவர் அன்றாடம் பயன்படுத்தும் கணக்காக இருக்க வேண்டியதில்லை. ஏதோ ஒரு கடனுக்காகவோ, எரிவாயு மானியத்துக்காகவோ திறந்து, பிறகு மறந்துபோன கணக்காகவும் இருக்கலாம். அது சாதாரணச் சேமிப்புக் கணக்கு எனில், குறைந்தபட்ச இருப்பு இல்லாத ஒவ்வொரு காலாண்டுக்கும் அபராதம் எழுதப்பட்டு, பிடிக்கப் பணம் இல்லாததால் நிலுவையாக நின்றிருக்கும். காய்ந்த குளத்தில் வந்த முதல் தண்ணீரை வெடிப்புகள் உறிஞ்சுவது போல, வரவான 1,000 ரூபாயை அந்த நிலுவை எடுத்துக்கொண்டது. அன்றைய நிதியமைச்சர் தங்கம் தென்னரசு, உரிமைத் தொகையை வங்கிகள் இத்தகைய நிலுவைகளுக்கு ஈடுசெய்யக் கூடாது என்று வெளிப்படையாக எச்சரிக்க வேண்டி வந்தது.

இந்த அபராதத்துக்கும் ரிசர்வ் வங்கி எல்லை வகுத்திருக்கிறது. 2015 ஏப்ரல் முதல், இருப்பு குறைந்தால் வங்கி முதலில் வாடிக்கையாளருக்குத் தெரிவித்து, சரிசெய்ய ஒரு மாதமாவது தர வேண்டும். எவ்வளவு குறைகிறதோ அந்த அளவுக்கு ஏற்பவே அபராதம் இருக்க வேண்டும். இந்த அபராதத்தால் மட்டும் கணக்கின் இருப்பு பூச்சியத்துக்குக் கீழே போகக் கூடாது. 2024 ஏப்ரல் முதல், அரசின் நேரடி உதவித்தொகைக்காகத் திறக்கப்பட்ட கணக்குகளை இரண்டு ஆண்டுகளுக்கு மேல் பயன்படுத்தவில்லை என்பதற்காகச் செயல்படாக் கணக்கு என்று ஒதுக்கவும் கூடாது. இதற்கிடையே பாரத ஸ்டேட் வங்கி 2020-இலும், கனரா வங்கி, இந்தியன் வங்கி ஆகியவை 2025-இலும் சேமிப்புக் கணக்குகளுக்கு இந்த அபராதத்தையே கைவிட்டன. எல்லா வங்கிகளும் அவ்வாறு செய்துவிடவில்லை.

கைரேகை வைத்து எடுத்தால்

ஏடிஎம் இல்லாத ஊரில் வங்கித் தொடர்பாளர் என்பவர் சிறு இயந்திரத்துடன் வருவார், அல்லது ஒரு கடையில் உட்கார்ந்திருப்பார். வங்கியின் சார்பில் ரொக்கம் கொடுக்க அனுமதிக்கப்பட்ட முகவர் இவர். ஆதார் எண்ணைச் சொல்லி, விரலை வைத்தால் பணம் தருவார், அட்டை தேவையில்லை. அஞ்சலகங்களிலும் தபால்காரர் வழியாகவும் இந்தச் சேவை கிடைக்கிறது.

இவர் உழைப்புக்கு ஊதியம் இல்லாமல் இல்லை. உங்கள் வங்கி, ஏடிஎம்மில் தருவது போலவே, பணம் கொடுத்த தரப்புக்கு ஒரு பரிமாற்றக் கட்டணம் தருகிறது. அதில் ஒரு பங்கு முகவருக்குப் போகிறது. ஆகவே, அவர் உங்களிடம் தனியாகக் கேட்பதற்கு இடமில்லை. வங்கிக்காகச் செய்யும் சேவைக்கு முகவர் வாடிக்கையாளரிடம் நேரடியாகக் கட்டணம் வாங்கக் கூடாது என்று வங்கிக்கும் முகவருக்கும் இடையிலான ஒப்பந்தத்திலேயே இருக்க வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. 1,000 ரூபாய்க்கு 980-ஐக் கையில் கொடுத்து "சர்வீஸ் சார்ஜ்" என்று 20-ஐ வைத்துக்கொண்டால், அது வங்கிக் கட்டணம் அன்று. பாஸ்புக்கில் 1,000 என்றே பதிவாகியிருக்கும். இருக்கும் பிடித்தங்களிலேயே எந்தப் பதிவிலும் அகப்படாதது இது ஒன்றுதான். அதனால் ஒவ்வொரு முறையும் ரசீது கேட்டு வாங்குவது நல்லது.

பாஸ்புக்கை வைத்துக்கொண்டு கேட்பது

இவ்வளவையும் தெரிந்துகொண்ட பின் செய்ய வேண்டிய முதல் வேலை, பாஸ்புக்கைப் பதிவுசெய்து பார்ப்பது. ஒவ்வொரு பிடித்தத்துக்கும் அதன் எதிரே ஒரு சுருக்கக் குறிப்பு இருக்கும். குறிப்பு புரியாவிட்டாலும் தொகையே பல நேரம் ஆளைக் காட்டிக்கொடுக்கும்: 27 ரூபாய் 14 காசு என்றால் எண்ணிக்கை மீறிய ஏடிஎம் பயன்பாடு, 23 ரூபாய் 60 காசு என்றால் இருப்பு போதாமல் மறுக்கப்பட்ட முயற்சியாக இருக்கலாம், இந்த அளவுகளுக்கு ஒத்துவராத, காலாண்டு முடிவில் வரும் பெரிய தொகை என்றால் குறைந்தபட்ச இருப்பு அபராதமா என்று கேட்க வேண்டும்.

சாதாரணச் சேமிப்புக் கணக்கில் உதவித்தொகை பெறுபவர், அதை அடிப்படைச் சேமிப்புக் கணக்காக மாற்றித் தருமாறு கிளையில் எழுதிக் கொடுக்கலாம். ஒரே வங்கியில் இந்தக் கணக்கையும் வேறொரு சேமிப்புக் கணக்கையும் சேர்த்து வைத்திருக்க முடியாது. இருந்தால் மற்றதை 30 நாட்களுக்குள் மூட வேண்டும். மாற்றுவதற்கு முன், மாதத்தில் எத்தனை முறை பணம் எடுக்கிறோம் என்று எண்ணிப் பார்த்துக்கொள்ள வேண்டும். சொந்த வங்கியின் இயந்திரம் வீட்டருகே இருந்து, குறைந்தபட்ச இருப்பு அபராதமும் இல்லாத வங்கி என்றால், சாதாரணக் கணக்கே சிலருக்கு வசதியாக இருக்கும்.

இயந்திரத்தில் பணம் வராமல் கணக்கில் மட்டும் கழிந்திருந்தால், அது கட்டணப் பிரச்சினை அன்று. அந்தத் தொகை ஐந்து நாட்களுக்குள் தானாகத் திரும்ப வேண்டும். அதற்கு மேல் ஆகும் ஒவ்வொரு நாளுக்கும் வங்கி 100 ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்ற விதி 2019 அக்டோபர் 15 முதல் நடைமுறையில் இருக்கிறது. 1,000 ரூபாயை எதிர்பார்த்திருப்பவருக்கு இந்த விதி தெரிந்திருப்பது மிக முக்கியம். கேட்காதவர்களுக்கும் தர வேண்டிய தொகை இது என்றாலும், கேட்டால் விரைவாக வரும்.

மற்றப் பிடித்தங்களுக்கு, கிளையில் எழுத்தில் புகார் கொடுத்து அதன் நகலில் முத்திரை வாங்கிக்கொள்ள வேண்டும். 30 நாட்களில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் ஏற்கத்தக்கதாக இல்லாவிட்டாலோ ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் செல்லலாம். அதற்குக் கட்டணம் இல்லை, வழக்கறிஞரும் தேவையில்லை. 14448 என்ற எண்ணில் வழிமுறையைக் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். மனுவில் "அரசு கொடுத்த பணத்தை வங்கி எடுத்துக்கொண்டது" என்று எழுதினால் அதற்கு விடையளிப்பது வங்கிக்கு எளிது. விதிப்படி பிடித்தோம் என்று ஒரே வரியில் முடித்துவிடும். "இன்ன தேதியில் இன்ன தொகை பிடிக்கப்பட்டுள்ளது, அந்த மாதத்தில் நான் ஏடிஎம் பயன்படுத்தியது மூன்றே முறை, மூன்றும் சொந்த வங்கி இயந்திரத்தில், எந்த விதியின்கீழ் இது பிடிக்கப்பட்டது?" என்று பாஸ்புக் நகலோடு எழுதிக் கேட்டால், அந்த ஒரே வரி போதாது.